சியோங்னு கல்லறைமேல் ஓர் ஆட்டுப்பட்டி

நோர்ஜ்மா யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். கணவன் போன பிறகும் மந்தையைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள். அப்பேர்ப்பட்டவள் அந்த இலையுதிர் காலத்தில், நிலம் அளக்க வந்த இளம்பெண் சோல்மோனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சுரங்கத்துக்குப் போகும் லாரிப் பாதை அவளுடைய குளிர்காலப் பட்டி வழியாகத்தான் வரப்போகிறது. அங்கே, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இந்தப் புல்வெளியை ஆண்ட சியோங்னு நாடோடிகளின் கல்லறைகள் இருப்பதாக வரைபடம் சொன்னால் மட்டுமே பாதை விலகும்.

"பழைய படத்துல இங்க எட்டு கல்லறையோட கல்வட்டம் இருக்குக்கா. அந்தக் காலத்துல குதிரையில வந்து அளந்திருக்காங்க. ஆனா ட்ரோன் எடுத்த படத்துல உங்க பட்டிதான் தெரியுது."

"பட்டிக்கு அடியில இருக்கும்டி. செத்தவங்களுக்கும் காத்தடிக்காத சரிவுதானே பிடிக்கும்?"

"இருக்கும்னு சொன்னா ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்க. கண்ணால பார்க்கணும். நாளைக்குப் படத்தை அனுப்பியாகணும்."

நோர்ஜ்மா மண்வெட்டியை எடுத்தாள். பட்டித் தரையில் பல வருஷத்து ஆட்டெரு முழங்கால் உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. உறைபனியில் ஆடுகள் உயிரோடு இருப்பதே அந்தப் படுக்கையின் சூட்டில்தான். குளிர் நெருங்கும் நேரத்தில் அதைப் பெயர்ப்பவளை ஊர் பைத்தியம் என்றுதான் சொல்லும். சொல்லட்டும் என்று வெட்டினாள். கை கொப்பளித்தது. பொழுது சாய்வதற்குள் கல் தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வளைந்து போகும் ஒரு வரிசை.

சோல்மோன் நாடா பிடித்து அளந்தாள். "பழைய படத்தோட அப்படியே பொருந்துதுக்கா!"

"பாதை வராதில்ல?"

"வராது." சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா கல்லறை நிலம்னு பதிவாயிட்டா இங்க ஆடு கட்டக் கூடாதுக்கா. பட்டியை எடுக்கச் சொல்லுவாங்க."

நோர்ஜ்மா மண்வெட்டியைக் கீழே போட்டாள். "இதை வெட்டறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா வெட்டமாட்டீங்கன்னு பயந்துட்டேன். எனக்கு இந்தக் கல்லறைங்களைக் கண்டுபிடிக்கணும்னு இருந்துச்சு." சோல்மோன் நாடாவைச் சுருட்டினாள். "வேணும்னா ஒண்ணும் இல்லைன்னே அனுப்பிடறேன்."

"அனுப்பு, லாரி வந்து பட்டியை இடிச்சுட்டுப் போகட்டும்."

மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆடுகள் வழக்கம்போல முண்டியடித்துப் பட்டிக்குள் புகுந்தன. வெறும் மண் குளம்பில் பட்டதும் நின்றுவிட்டன. ஒன்றுகூடப் படுக்கவில்லை.

"மூடுடி! முதல்ல இதை மூடு!" நோர்ஜ்மா மண்டியிட்டு எருவை இரண்டு கையாலும் வாரிப் போட்டாள்.

"படத்துல என்னக்கா போடறது?"

நோர்ஜ்மா வாரிக்கொண்டே இருந்தாள். அள்ளிப் போட்ட எரு தூளாகச் சரிந்ததே ஒழிய, மறுபடி படுக்கையாகவில்லை.