டெல்மர் வைத்த தகரம்

இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. மீன் விஷயத்தில் டெல்மர் தப்பு செய்வார் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அமெரிக்காவின் ஐடஹோவில், மலையிடுக்கு ஊற்றை நம்பி நடக்கும் எங்கள் டிரவுட் மீன் பண்ணையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். தண்ணீர் படிப்படியாக ஐந்து தொட்டிகளில் இறங்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு மீன் என்பதில் மனிதர் முரட்டுப் பிடிவாதக்காரர். "இன்னும் கொஞ்சம் விடுங்களேன் டெல்மர், அவ்வளவு எடம் சும்மா கெடக்கே" என்று முதலாளி நாடின் கெஞ்சினால், "எடம் கெடக்கு. மூச்சு இருக்கா?" என்பார். அவரைத்தான் இந்த வெள்ளிக்கிழமை மேலாளராக்கப் போவதாக நாடின் சொல்லியிருந்தாள்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதெல்லாம் நேராக, சுத்தமாக இருக்க வேண்டும். ஐந்தாம் தொட்டிக்கு வரும் தண்ணீர் பாசி பிடித்த ஒரு பலகைமேல் விழுந்து சளசளவென்று சிதறும். புதன்கிழமை அதைப் பிடுங்கிவிட்டுச் சரிவாகத் தகரம் வைத்தார். தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கியது.

"எப்படிடா இருக்கு எலியாஸ்?"

"அடேங்கப்பா! பெரிய ஹோட்டல் வாசல்ல வெக்கலாம் போல!" என்று கைதட்டினேன்.

வியாழன் காலை தீனி போட்டு அரைமணி நேரம் இருக்கும். ஐந்தாம் தொட்டி மீனெல்லாம் தகரத்தடியில் குவிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தின்ற மீனுக்குக் காற்று கூடுதலாக வேண்டும். கரைந்த காற்றை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டேன். வழக்கத்தில் பாதிகூட இல்லை. டெல்மரைக் கத்திக் கூப்பிட்டேன்.

டெல்மரின் முகம் செத்துவிட்டது. "செதறினாத்தானேடா காத்து கலக்கும்... ஐயோ கடவுளே, நானா இதப் பண்ணேன்?" என்றவர் உடுப்போடு குதித்துத் தகரத்தை வெறுங்கையால் பிய்த்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. நான் பழைய பலகையைக் கொண்டுவந்து சொருகுவதற்குள் பாதி மீன் வயிறு காட்டிப் புரண்டுவிட்டது.

ஓடிவந்த நாடின் பிய்ந்து கிடந்த தகரத்தைக் காலால் புரட்டினாள். "யாரு இத வெச்சது?" என்றாள்.

"நாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நான்," என்றார் டெல்மர். "இவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல."

வேண்டாம் என்றேனா? நானா? கைதட்டியவன் நான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மனிதர் என் பக்கம் திரும்பவேயில்லை.

வெள்ளிக்கிழமை நாடின் மேலாளராகக் கூப்பிட்டது என்னை. போய் உட்கார்ந்தும்விட்டேன்.