அண்ணி கேட்ட காடு

அண்ணி பிஜித் தீவில் பிறந்தவர். கரும்புத் தோட்ட வேலைக்காக அங்கே கப்பலேறிப் போயிருந்த அவருடைய அப்பா, மகள் பெரியவளானதும் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். அந்தத் தீவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மலைக்காடு தொடங்குமாம். மழை நின்ற பிறகும் பொழுது சாயும்வரை இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும்; பெரணிச் செடிகூட அங்கே மரமாக வளர்ந்து குடை விரித்து நிற்கும் என்பார்.

பெண் பார்க்கப் போன அன்று, கதவோரம் நின்றபடி அவர் என் அண்ணனிடம் கேட்டது ஒரே கேள்வி.

“உங்க ஊர்ல காடு இருக்குங்களா?”

“இல்லாம என்ன? எங்களுக்கே மூணு காடு இருக்கு” என்றான் அண்ணன்.

அவன் சொன்னது கடலைக்காடு, வரகுக்காடு, சோளக்காடு. எங்கள் பக்கம் புன்செய் நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். அண்ணி அதை அறியாமல் சம்மதித்து வந்துவிட்டார்.

கல்யாணம் முடிந்த சில நாளில் என் அம்மாவிடம், “அத்தை, நான் காட்டுக்குப் போகணும்” என்றார். அம்மா ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்து, “ஓடைப் பக்கம் போயிரு. அங்கிட்டு ஆம்பளைக வரமாட்டாக” என்றார்.

மதுரையில் மிட்வைஃப் பயிற்சி முடித்து அப்போது நான் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் காடு என்றால் முதலாவது என்ன, இரண்டாவது என்ன என்று விளக்கினேன். அண்ணி செம்பைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் கடலைக்காட்டைப் பார்த்தபோது சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் என்ன பொய்யா சொன்னேன்? கீரமங்கலத்துக்கு அங்கிட்டு ஐயனார் கோவில் காடு இருக்கு. உள்ள போனா வானமே தெரியாது. ஐப்பசி மழை விழட்டும், கூட்டிட்டுப் போறேன்.”

அதற்குப் பிறகு அண்ணி வெயிலைக் குறை சொல்லவில்லை. மேகம் கூடினால் மட்டும் வாசலுக்கு வந்து பார்ப்பார்.

மழை விழுந்த வாரம் வண்டி கட்டினோம். புளிச்சோறு, தண்ணீர், தேங்காய் பழம், முள் குத்தினால் போட டிஞ்சர், பஞ்சு என்று நான் எடுத்துவைத்தேன். அண்ணி ஒரு மாற்றுச் சேலையைச் சேர்த்தார். காட்டுக்குள் போனால் நனையாமல் திரும்ப முடியாதாம்.

“செருப்பைக் கழட்டிருங்க. சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது, சாமி கோவிச்சுக்கும்” என்றார் கோவில் காட்டு முகப்பில் நின்ற பூசாரி.

“அப்ப நெசமாவே காடுதான்” என்று அண்ணி என் காதில் சொன்னார். மாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அண்ணன் வெளியே நின்றுகொண்டான்.

பாலை மரமும் வீரை மரமும் நெருக்கியடித்து நின்றன. ஆள் தொடை பருமனில் கொடிகள் முறுக்கிக் கிடந்தன. மண் குதிரைகளைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. அண்ணியின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்படியே நின்றார்.

“ஏத்தா, இதே வாசந்தான்” என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்தார். புடவைத் தலைப்பு முள்ளில் மாட்டியதைக்கூட நின்று எடுக்கவில்லை.

நான் எட்டிப் பிடித்தபோது வெளிச்சத்தில் நின்றிருந்தார். எதிரே கடலைக்காடு. செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, “வழி தவறிட்டீகளா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுபோச்சா?” என்றார் அண்ணி, என்னிடம்.

“தெக்கால இன்னும் இருக்கு அண்ணி” என்று கூட்டிப் போனேன். அங்கேயும் கொஞ்சம் நடந்ததும் வரப்பு வந்துவிட்டது.

அந்தக் கோவில் காடு அவருடைய தீவுக் காடுபோல் கொஞ்சமும் இல்லாதிருந்தால் செம்பைப் பார்த்துச் சிரித்ததுபோலச் சிரித்திருப்பார். வாசனையும் குளிர்ச்சியும் சொட்டும் அப்படியே இருந்ததுதான் தாளவில்லை. அதுவரை அவருக்குப் பார்க்க வேண்டிய காடு ஒன்று மிச்சம் இருந்தது. அன்றோடு அதுவும் இல்லை.

வண்டியருகே அண்ணன் ஆவலாக நின்றிருந்தான். “எப்படி?”

“நல்லாருக்குங்க. இன்னமும் சொட்டிக்கிட்டே இருக்கு.”

“நான் சொல்லல? அடுத்த மழைக்கும் கூட்டிட்டு வாரேன்.”

“வேணாங்க. இதுக்கு எதுக்கு மறுபடி வண்டி கட்டணும்? ஒரு தடவை பாத்தாச்சுல்ல.”

அண்ணன் மாட்டைத் தட்டிவிட்டு, பெருமையாக என் பக்கம் திரும்பினான். “பாத்தியா, ஒங்க அண்ணி எம்புட்டுச் சிக்கனம்!”