காதில் சொன்னது

கறிக்கடையில் வெட்டு வேலை பார்த்ததால் அவனுக்கு வெட்டு என்ற பெயரே நின்றுவிட்டது. வயது முப்பத்தாறு, கோபம் மூக்கு நுனியில். இருபது வயதுக்குள் இரண்டு பேரின் பல்லை உடைத்து, ஒருவனை ஓடுகிற பேருந்துப் படியிலிருந்து உதைத்துத் தள்ளி, மூன்று முறை லாக்கப்பில் படுத்து எழுந்தவன். அப்பன் புத்தி அப்படியே இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். எதற்கும் அசராதவனுக்கு அதைக் கேட்டால் மட்டும் குலை நடுங்கும்.

அவன் கையைக் கட்டிப்போட்டது வட்டம்தான். பேருந்துப் பணிமனைச் சுவருக்குப் பின்னால் ஞாயிறு மதியம் கூடுகிற ராப் வட்டம். ஒருவன் எண்ணெய் டின்னைத் தட்டுவான். இரண்டு பேர் நடுவில் நின்று பாட்டாலேயே ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். சொட்டைத் தலையிலிருந்து ஓடிப்போன பெண்டாட்டி வரை எதுவும் மிஞ்சாது. ஆனால் தொடங்குமுன், இதை மட்டும் தொடாதே என்று ஒன்றை அடுத்தவன் காதில் சொல்லிவிட வேண்டும். அதைத் தொட்டவன் வெளியே. கை ஓங்கியவனும் வெளியே, ஆயுசுக்கும். பதினோரு வருடத்தில் வெட்டு அங்கே வாங்காத வசவில்லை. கை மட்டும் எழுந்ததே இல்லை. வட்டம் இல்லையென்றால் நானும் எங்கப்பன்தான் என்று தங்கையிடம் அடிக்கடி சொல்வான்.

தங்கையின் புருஷன் கண்டக்டர். வட்டத்தில் வெட்டுக்குச் சரியான ஜோடி அவன்தான். அவன் காதில் வெட்டு ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அப்பன் பெல்ட்டால் அடித்து அம்மாவைக் கொன்ற அன்றைக்கு, வெளியே நின்று தாழ்ப்பாளைப் போட்டவன் பத்து வயது வெட்டு. அப்பன் போடச் சொன்னான், போட்டான். தங்கைக்கு அப்போது ஒரு வயது. அவளுக்கு இது தெரியாது. பதினோரு வருடமாகக் கண்டக்டர் இதை யாரிடமும், பிறகு கட்டினவளிடம்கூட, மூச்சு விடவில்லை.

அப்புறம் குளிர்பானக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். டிவிக்கு ராப் சண்டை நடத்துகிறார்களாம். வெட்டையும் கண்டக்டரையும் கூப்பிட்டுப் பிளாஸ்டிக் தங்கச் சங்கிலியை மாட்டிவிட்டார்கள். யாரோ ஏசி அறையில் எழுதிய வரிகள் மேடைக்குக் கீழே ஒரு திரையில் ஓடும், பார்த்துப் படித்தால் போதும். சொந்த வாயால் நாலு வரி கட்டத் தெரிந்தவனுக்கு இதைவிட அசிங்கம் வேண்டுமா? ஆனாலும் இருவரும் இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டார்கள்.

இறுதிச் சுற்றன்று காலை ஒத்திகையில், பழக்கதோஷம், இருவரும் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டார்கள். காலரில் குத்தியிருந்த மைக்கை இருவருமே மறந்துபோனார்கள்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தங்கை. கண்டக்டர் கடகடவென்று வாசித்துக்கொண்டே வந்தான்.

"பெல்ட்டுச் சத்தம் உள்ளே, தாழ்ப்பாள் உன் கையிலே,
பெத்தவ தட்டுறா, நீ நிக்கிற வெளியிலே!"

வெட்டுக்குக் கண் இருட்டியது. முதல் குத்தில் கண்டக்டரின் தாடை உடைந்தது. எலும்பு உடைகிற சத்தம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் நிறுத்தவில்லை. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் குத்தினான். அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி அதனாலும் அடித்தான். கூட்டம் நடிப்பென்று விசிலடித்தது. நடுவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். கேமராக்காரன் ரத்தத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டான்.

தங்கை மேடையேறி வந்து புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா கதவத் தட்டினாளா?"

வெட்டு ரத்தம் படிந்த மைக்கைக் கீழே போட்டான்.

தாடையில் கம்பி கட்டிக் கிடந்த கண்டக்டர் மறுநாள் வெட்டுக்குப் போனில் எழுதிக் காட்டினான்: "திரையில வந்துச்சு மச்சான். தாளத்துக்கு வாய் ஓடிருச்சு. புரியறதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டேன்." முந்தின நாள் காலையில் காலர் மைக்கில் கேட்டதை உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தாளன் வரியாக்கித் திரையில் சேர்த்திருந்தான். குத்து விழுந்த காட்சியைக் கம்பெனி இரவோடு இரவாக விளம்பரமாக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெட்டு வட்டத்துக்குப் போனான். பாடுவதற்கல்ல. அவர்கள் வாயால் வெளியே போ என்று சொல்ல வேண்டும், அதை நின்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் சொன்னால்தான் செய்தது தப்பு என்று இந்த உலகத்தில் ஓர் இடமாவது சொன்னதாக இருக்கும். அங்கே கூட்டம் பத்து மடங்காகியிருந்தது. எண்ணெய் டின் இருந்த இடத்தில் கம்பெனி கொடுத்த ஸ்பீக்கர்.

"கை ஓங்கிட்டேன். என்ன வெளிய அனுப்புங்க," என்றான்.

வட்டத்துக்கு மூத்தவரான டயர்க்கடைக்காரர் சிரித்தார். "உன்ன அனுப்பிட்டா இங்க யாருடா வருவா?"

அதற்குள் புதிதாக வந்த இரண்டு பேர் நடுவில் இறங்கினார்கள். யாரும் யார் காதிலும் எதுவும் சொல்லவில்லை. முதல் வரிக்கு முன்னாலேயே ஒருவன் மற்றவன் மூக்கை உடைத்தான். ரத்தம் சொட்டச் சொட்ட மற்றவன் சிரித்தான். அடித்தவன் வெட்டுப் பக்கம் ஆசையாகத் திரும்பினான்.

"அண்ணே, உங்க அடி மாதிரியே இருந்துச்சா?"

வெட்டு கையை ஓங்கினான். எல்லாப் போன்களும் அவன் பக்கம் திரும்பின.