மெயினை அணைக்கும் முன்

பிரான்சிலிருந்து அக்கா கொண்டுவந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரியும். அவளுடைய அந்த ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் முதலியார்பேட்டை வீட்டில் யாரும் அதை அணைப்பதே இல்லை. பெரியப்பா மகளான அக்கா, ஆட்டத்தைச் சேமிக்கும் சின்ன அட்டையைப் பாரிசிலேயே மறந்துவிட்டாள். பெட்டியின் சொந்த நினைவகம் கரண்ட் இருக்கும்வரைதான் எதையும் வைத்திருக்கும். பெட்டியின் விலையைக் குறைக்க, அழியாத நினைவகத்தை உள்ளே வைக்காமல் தனி அட்டையாக விற்றார்கள். சர்க்யூட் போர்டுகளைச் சோதித்தே கண் எரியும் வேலையில் இருக்கிறேன். இன்று அது எனக்குப் புரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம் சுவிட்சைத் தொடக்கூடாது என்பதுதான். கரண்ட் பில்லுக்குப் பயந்த அப்பாவே, பெட்டி சூடாகிறது என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தார்.

மாதா திருநாளன்று ஆட்டத்தில் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. மறுநாள் அக்காவுக்கு விமானம். பூசை முடிந்து வந்ததும் நானும் அவளும் சேர்ந்தே முடிப்பதாக ஏற்பாடு. வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைப்பது அப்பாவின் கைப்பழக்கம். கோயிலில் எல்லோரும் முழந்தாளிட்டிருக்க, அவர் மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பூசை முடிந்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே ஓடிய நான் உள்ளே நுழைந்தபோது மெயினைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு பழையபடி எரிந்தது. திரையில் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கக் காத்திருந்தது.

"நடுவுல கரண்டு போயிட்டிருக்கும் போல," என்றார், அப்போதுதான் வந்த அக்காவிடம்.

"பரவால்ல சித்தப்பா. அடுத்த வருஷம் அட்டையோட வரேன்."

அவள் வரவில்லை. படிப்பு, வேலை, கல்யாணம் என்று வருஷங்கள் ஓடின. பிறகு ஒருமுறை கணவரோடு வந்தபோது கடற்கரைப் பக்கம் ஓட்டலில் தங்கி, ஒரு மத்தியானம் வந்து காபி குடித்துவிட்டுப் போனாள். ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாமேல் அன்றெல்லாம் எனக்கு ஆத்திரம்தான். இப்போது ஆத்திரப்படவும் தெம்பில்லை.

இப்போது அப்பா எங்களோடு மூலக்குளத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது இன்றும் மெயினை அணைப்பது அவர்தான். ஆனால் கை வைத்தபடி நின்று என் மகனிடம் கேட்பார்: "ஆட்டத்த முடிச்சிட்டியாய்யா?"

"அதுவே சேவ் பண்ணிக்கும் தாத்தா. எத்தன வாட்டி சொல்றது."

அப்பா நம்புவதில்லை. கையை எடுக்காமல், மகனின் பெட்டியில் இல்லாத பச்சை விளக்கைத் தேடுகிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"முடிச்சிட்டாம்பா," என்கிறேன். "அணைங்க."