துப்பாத வைன்

இந்த நாட்டில் வைன் செய்கிறவர்கள் தங்கள் வைனையே வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புகிறார்கள். சுவிஸில் ஷாஃப்ஹவுசனுக்கு வந்து கனகாலமாகியும் எனக்கு இது தெரியாது. பஸ்ஸில் போகும்போது திராட்சைத் தோட்டங்களைப் பார்ப்பதோடு சரி. முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். குடிப்பழக்கம் இல்லை.

எங்கள் மகள் அபி, லூக்காஸ் என்ற சுவிஸ் பையனை விரும்புகிறாள். அவனுடைய தாய் தகப்பன் சிறிய அளவில் வைன் செய்து விற்கிறார்கள். "நீங்கள் போய் ஆக்களைப் பாருங்கோ. உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி," என்று மனைவி சொல்லிவிட்டாள். அவளுக்கு அன்று வேலை. ஆட்களை எடைபோட எனக்கு வராது. நாலு பேர் கூடினால் கதவோரக் கதிரையாகத் தேடி உட்காருகிறவன் நான். ஓம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமலே பயற்றம் பணியாரப் பெட்டியோடு அபியுடன் போனேன்.

வைன் சுவைக்கிற அறை முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்ததாம். லூக்காஸின் தகப்பன் உர்ஸ் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்தார், வாயில் சுழற்றினார், மேசையிலிருந்த மண்சட்டியில் துப்பினார். எனக்குத் திக்கென்றது. தாய் ரெகுலா சிரித்துக்கொண்டே சட்டியை என் பக்கம் தள்ளினா. மேசையில் இடம் போதாதாக்கும் என்று நினைத்து அதை லூக்காஸிடம் கொடுத்துவிட்டேன். பிறகு என் கிளாஸை ஒரே மூச்சில் குடித்து, "குவெட்," என்றேன். நல்லது என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல். உர்ஸ் மகிழ்ந்து அடுத்த போத்தலைத் திறந்தார்.

எனக்குப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனபோது, சீனி போட மறந்த கோப்பியை என் தகப்பன் முகம் சுளிக்காமல் அடிவரை குடித்தார். மிச்சம் வைத்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். அந்த வீட்டுப் பெண்தான் என் மனைவி.

நாலாவது கிளாஸில் அபி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, விழுங்காதேங்கோ. துப்புறதுக்குத்தான் அந்தச் சட்டி."

"நீ பேசாமல் இரு."

"முகமெல்லாம் சிவந்திட்டுது. அம்மா கண்டால் என்னைத்தான் பேசுவா."

"சம்பந்தி வீட்டில தந்ததைத் துப்புறதோ? என்ன கதை கதைக்கிறாய்?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன வீடு எண்டனீங்கள்?"

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பழியை வைன் மேல் போட்டிருக்கலாம். போடவில்லை. "காது கேட்டதுதானே," என்றேன்.

அபி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களுடைய ஜெர்மனில் வேகமாகச் சொன்னாள். பாதிதான் விளங்கியது. உர்ஸ் என் வெறும் கிளாஸைப் பார்த்தார். ஒரே போத்தலிலிருந்து எனக்கும் தனக்கும் ஊற்றினார். மணக்கவில்லை, சுழற்றவில்லை. அடிவரை விழுங்கினார். ரெகுலா ஒரு பணியாரத்தை எடுத்துப் பழக்கத்தில் மணந்துவிட்டுக் கடித்தா. என் கண் சட்டிக்குப் போனது. அவவும் விழுங்கினா.

திரும்புகிற பஸ்ஸில் மனைவியின் அழைப்பு வந்தது.

"ஆக்கள் எப்பிடி?"

"நல்ல ஆக்கள். கொஞ்சம் துப்புவினம்."

"என்ன? குடிச்சனீங்களோ?"

"ஓம். வாறன், வந்து சொல்லுறன்."

புறப்படும்போது உர்ஸ் ஒரு போத்தல் தந்திருந்தார். கலியாணம் பேசிய வீட்டிலிருந்து வருகிற முதல் சாமானைச் சாமிப்படங்கள் இருக்கிற தட்டில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். வைனை அங்கே வைக்க முடியாது. சம்பந்தி வீட்டுச் சாமானைக் குசினியில் வினாகிரிப் போத்தலோடு நிறுத்தவும் மனைவிக்கு மனமில்லை. இரண்டு இடத்துக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்பினாள். இப்போது அது வீட்டு நடையில், எங்கள் கலியாணப் படத்துக்குக் கீழே, ஒரு சின்ன மேசையில் நிற்கிறது. குசினிக்குப் போனாலும் சாமி கும்பிடப் போனாலும் அதைத் தட்டிவிடாமல் கொஞ்சம் விலகித்தான் நடக்கிறோம்.