கல் சொன்னதும் பேராசிரியர் சொன்னதும்

தாதுப் படிகத்துக்குள் அணுக்கள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்று எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்துச் சொல்வது என் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். மெஷினைச் சமாளித்துவிடலாம்; அந்த அறைக்கு வருகிறவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எந்த ராசி?

கும்பகோணத்து நகைக்கடைக்காரர் ஒருவர் பச்சைக் கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். உதிர்ந்த துணுக்கு ஒன்றைச் சோதித்து, அறுகோணச் சமச்சீர், மரகத வகைதான் என்றேன். மனிதர் முகம் மலரவேயில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சார், எந்த ராசிக்கு ஆகும்னு சொல்லுங்க."

மங்கல் புள்ளிகள்

படிகத்தில் பட்ட எக்ஸ்ரே திரையில் புள்ளி புள்ளியாக விழும். பளிச்சென்ற புள்ளிகளை மட்டும் பார்த்தால் இல்லாத ஒழுங்கெல்லாம் இருப்பதாகத் தோன்றும். மங்கலானவைதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்து அறை ஆய்வாளர் மங்கலானவற்றை மொத்தமாக நீக்கிவிட்டு, அழகான விடை வந்ததென்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். காபி நன்றாகத்தான் இருந்தது. விடை தப்பு என்றேன்.

"மங்கலா இருக்கறதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தா பேப்பர் எப்ப சார் போடறது?"

குறைந்த எண்

வலங்கைமான் பக்கத்துப் பெண் கலைவாணியின் முனைவர் பட்டம் ஒரு 'புதிய' தாதுவை நம்பி நின்றது. பார்த்தால், ஒவ்வொரு அணுவுக்கும் மையத்துக்கு மறுபுறம் நேர் எதிரே அதே மாதிரி ஓர் அணு. அந்தச் சமச்சீரைக் கணக்கில் சேர்த்தால் அது ஊரறிந்த பழைய தாது. அவளுடைய பேராசிரியர் சேர்க்க விடவில்லை. சேர்க்காவிட்டால், கணக்கு அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் பிழை எண் குறைகிறதாம். அணுக்களை இஷ்டத்துக்கு நகரவிட்டால் குறையாமல் என்ன செய்யும்? சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உலகத்தில் எங்குமில்லாத தூரம் வந்திருந்தது. எரிச்சலோடு அதை அவரிடம் காட்டினேன்.

"நம்பர் குறைஞ்சிருக்குல்ல? அப்புறம் என்னய்யா?"

கருத்தரங்கு

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய கருத்தரங்கு. பேராசிரியர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். கலைவாணி சமச்சீர் சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு கணக்கையும் திரையில் அடுத்தடுத்துப் போட்டு, இது புதுத் தாது இல்லை என்று சொல்லிவிட்டாள். பேராசிரியர் எழுந்து, பட்டம் தள்ளிப்போகும், முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும் என்று சபையிலேயே மிரட்டினார்.

"எழுதறேங்க சார். கல்லு மாறாது, நான் எழுதினதைத்தான் மாத்தணும்."

பேராசிரியர் இப்போது சமச்சீரைத் தவறவிடாமல் காண்பது எப்படி என்று பயிலரங்கம் நடத்துகிறார், அதற்கு மெஷின் ஓட்ட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.