எழுதிக்கொண்டு போனவர்கள்

“ஆளுங்க அழுறத எழுதிக்கிட்டு வரவா இவ்வளவு படிச்ச?” என்றார் அம்மா. எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மனம் நொந்தவர்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் தரும் உளவளத்துணையாளர் வேலை கிடைத்த பெருமையில் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் வெள்ளவத்தையில், போரில் மகன் காணாமல்போன ஒரு தாயின் வீட்டில், அவர் முன் கோப்பைத் திறந்தேன். நான் பேனாவை எடுத்ததும், மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் நிறுத்தினார்.

“எழுதிக்கொண்டு போனவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை, பிள்ளை. நீங்களும் எழுதிப்போட்டுப் போங்கோ.”

கேட்டதை வீட்டில் சொல்லக்கூடாத வேலை இது. பேருந்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். 

அடுத்த வியாழக்கிழமை கோப்பையும் பேனாவையும் அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.